ஓரத்தில் முந்தி ஓடிய ரெசின்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரி ஏறி, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். படகுகளுக்கான பலகைகளை அங்கே செய்தார்கள். கண்ணாடி இழைத் துணியை அச்சுக்குள் அடுக்கி, மூடி, ஒரு முனையிலிருந்து பிசின் போன்ற ரெசினைச் செலுத்துவார்கள். அது துணியெங்கும் ஊறி இறுகினால் பலகை. ரெசின் எப்படிப் பாயும் என்று கணினியில் முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் வேலை.

எதிர்முனையின் நடுவில் காற்று வெளியேற வைத்திருந்த துளையை நோக்கி ரெசின் ஒரே சீராக நகரும் என்றது என் கணினி. வெளியே வந்த பலகைகளிலோ, அந்தத் துளைக்குச் சற்று முன்னால் உள்ளங்கை அளவுக்கு வெள்ளைத் திட்டு. ரெசின் தொடாத வெறும் துணி.

மூன்று வாரம் சமன்பாடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "கம்ப்யூட்டர் தூங்குதா?" என்று மேனேஜர் மலாயில் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். படித்ததே பொய்யோ என்று தோன்றிவிட்டது.

துணி வெட்டும் அக்கா பாகான் டாலாமிலிருந்து வருபவர். ஒருநாள் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை.

"கோவிச்சுக்காதே லா. துணிய நான் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கம்மியாத்தான் வெட்டுறேன். சரியா வெட்டுனா அச்சுல மடங்கிக்குது."

"எவ்வளவு கம்மி?"

விரல் நுனியைக் காட்டினார். "மேனேஜர்கிட்ட சொல்லிடாதே. வேலை போயிடும்."

முதலில் கோபம்தான் வந்தது. மூன்று வாரம்! அப்புறம் அழுகை வருகிற அளவுக்கு ஒரு நிம்மதி.

துணிக்கும் அச்சின் சுவருக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளியைக் கணினிக்குச் சொன்னேன். திரையில் ரெசின், தடுக்கத் துணியில்லாத இரண்டு ஓரங்களிலும் முந்தி ஓடி, துளையைச் சுற்றி வளைத்து அடைத்தது. வெளியேற வழியில்லாத காற்று அதே இடத்தில் மாட்டிக்கொண்டது. ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். அதுவரை என் அறைக்கு அவர் வந்ததே இல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்.

"ஐயோ, அப்படியே இருக்கு லா!"

அறிக்கையில் 'ஓரத்தில் இடைவெளி' என்று மட்டும் எழுதினேன். யார் வெட்டியது என்று மேனேஜர் கேட்கவில்லை. திட்டு விழும் இடத்துக்கே துளையை மாற்றினார்கள்.

அடுத்த பலகையை அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். ஒளி ஊடுருவும் தேன் நிறத்தில், ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாமல் இருந்தது. பிறகு எத்தனையோ பெரிய கணினிகளில் வேலை செய்துவிட்டேன். அந்தப் பலகைக்கு அப்பாலிருந்து மங்கலாகத் தெரிந்த அக்காவின் சிரிப்புதான் இன்னும் மனதில் நிற்கிறது.