தண்ணீரோர மேசையில் பண்டாரி

பழனிச்சாமி முதன்முறையாக ஒரு பப்புக்குள் காலெடுத்து வைத்தது ஐம்பத்தாறாவது வயதில். அதுவும் கேப்டன் போகச் சொன்னதால்.

ஃபுஜைரா துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவரும் டக் படகு ஒன்றில் அவர் பண்டாரி. கடல்காரர்கள் சமையல்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முன் ஜுபைலில் ஒரு கேம்ப் மெஸ்ஸில் பதினோரு வருடம் சோறு வடித்தவர். ஒட்டன்சத்திரத்துக்காரருக்குக் கடல் மேல் ஆசையெல்லாம் கிடையாது. கேம்ப் மூடிவிட்டது, படகில் ஆள் கேட்டார்கள், வந்தார். எட்டுப் பேருக்கு மூன்று வேளை. சட்டி நழுவாமல் இருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி கட்டியிருக்கும். தான் நழுவாமல் இருக்க அவர் இடுப்பைச் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் கிண்டுவார்.

படகைக் கரையில் கட்டும் நாட்களில்தான் தொல்லை. ஆட்களுக்கு நான்கு மணி நேரப் பாஸ் கிடைக்கும். குளித்து, சென்ட் அடித்து, படகுத்துறையை ஒட்டிய ஹோட்டலின் பப்புக்குப் போய்விடுவார்கள். ஆனாலும் எட்டுத் தலைக்கும் சமைத்தாக வேண்டும் என்பது படகின் விதி. மிஞ்சியதைத் துறைமுகத்துக்குள் கடலில் கொட்டக் கூடாது. பையில் கட்டி வைத்தால் குப்பை வண்டிக்காரன் எடை பார்த்து எழுதிக்கொண்டு போவான். அந்த எடையெல்லாம் துபாய் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. கரை நாட்களில் ஆட்களுக்குச் சாப்பாட்டுப் படி கொடுத்துவிட்டால் என்ன? அது சரிப்பட்டு வந்தால் பண்டாரி எதற்கு? கடலில் ஆளுக்கொரு நாள் சமைத்துக்கொள்ள மாட்டார்களா?

பழனிச்சாமியின் காண்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது. இந்த வயதில் வேறு படகில் எடுக்க மாட்டார்கள்.

கேப்டன் ராஜீவ் சென்னைக்காரர், வயதில் சின்னவர். அவர் பழனிச்சாமியைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணா, நீங்களும் இவங்களோட ஒரு தடவை போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. சாப்பாடு தெரிஞ்சவர் நீங்கதான். குடுக்கற காசுக்குத் தகுமா, தகாதான்னு சொல்லுங்க. நான் அதையே எழுதிடறேன்."

பழனிச்சாமிக்குப் புரிந்தது. பிள்ளை இவருக்குத் தப்பிக்க வழி காட்டுகிறது. தகாது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மறுநாள் மத்தியானம் மூன்று பேராகப் பப்புக்குப் போய்த் தண்ணீரோர மேசை ஒன்றில் உட்கார்ந்தார்கள். அவரோடு, எஞ்சின் ரூமில் வேலை செய்யும் நாகப்பட்டினம் வாசு, டெக்கில் கயிறு பிடிக்கும் கீழக்கரை முகம்மது ஆசிக். ஆசிக் எங்கே போனாலும் எலுமிச்சை ஜூஸ்தான்.

"எம்பத்தஞ்சு திர்ஹமா இந்த மீனு?" என்றான் ஆசிக், விலை அட்டையைப் பார்த்து. "டவுன்ல மலபாரி கடையில இந்தக் காசுக்கு நாலு பேரு வயிறு முட்ட பரோட்டா திம்போம்."

"டவுனுக்கு டாக்ஸிக் காசு உங்க வாப்பா குடுப்பாரா? போய் வரவே ரெண்டு மணி நேரம். கேட்ல செக்கிங் வேற. பாஸ் டைம் கலாஸ், முடிஞ்சே போச்சு," என்றான் வாசு.

"அதுக்கு அண்ணன் கையால தின்னுட்டு ரூம்லயே படுத்துக் கெடக்கலாமுல்ல?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அண்ணன் சாம்பார்ல லைஃப் ஜாக்கெட் இல்லாம எறங்கக் கூடாதுடா," என்றான் வாசு.

"ஸ்டோர்ல பருப்பு மாஃபி, சுத்தமா இல்ல. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்தா நான் என்னத்தடா பண்றது?" என்றார் பழனிச்சாமி. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மீன் வந்தது. மேல்தோலைப் பிட்டதுமே உள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. ஐஸ் பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த மீன். எண்ணெய் பலமுறை காய்ந்த எண்ணெய். சாப்பிட்டார். இடது கை தட்டின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

"அண்ணே, அது ஓடாது. விடுங்க," என்றான் வாசு.

விட்டார். தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

வாசு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். படகு மேசையில் இதே பையன்கள் ஏழு நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள், ஒரு காது எப்போதும் ரேடியோவில். எந்த வாயிலும் ருசி நின்று பழனிச்சாமி பார்த்ததில்லை. தன் கைப்பக்குவம் சரியில்லை என்று பல நாள் மனதுக்குள் குமைந்திருக்கிறார். இங்கே ஆசிக் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து, அதைப் பாதி கடித்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, மீதியைத் தின்ன மறந்து உட்கார்ந்திருந்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் பழனிச்சாமி மூன்று தட்டுகளையும் அடுக்கினார். மிச்சத்தை மேல் தட்டில் வழித்தார். எழுந்து நேரே உள்ளே நடந்து, சமையலறைக் கதவை முதுகால் தள்ளப் போனார். பரிமாறும் பெண் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், சார்! ஆப் பைட்டியே, சார்!"

இந்தியில் உட்காரச் சொல்லிக்கொண்டே தட்டுகளை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். அக்கம்பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. ஆசிக் நாற்காலியில் சரிந்து சிரித்தான்.

"பண்டாரி, டூட்டி முடிஞ்சிருச்சு! யல்லா, உக்காருங்க!"

திரும்ப வந்து உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். இடுப்பு வலித்தது. நிற்கும்போது தெரியாத வலி. உட்கார்ந்த பிறகுதான் அது வருடக்கணக்காக அங்கேயே இருந்திருக்கிறது என்று தெரிகிறது. அப்படியே முக்கால் மணி நேரம் இருந்தார்கள். யாரும் எழுப்பவில்லை.

சாயங்காலம் கேப்டன் அறை வாசலில் போய் நின்றார்.

"எப்படிண்ணா இருந்தது?"

"நம்ம ஃப்ரீசர்ல கெடக்கற அதே பொட்டி மீனுங்க சார். எண்ணெயும் பழசு. நான் போட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

ராஜீவின் முகம் தெளிந்தது. கம்ப்யூட்டரை இழுத்துக்கொண்டார். "அப்போ தகாதுன்னு எழுதிடறேன்."

பழனிச்சாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கட்டியிருந்தாலும் படகு லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"இல்லீங்க சார். பசங்க போகட்டும். சாப்பாட்டுக்குத் தகாதுங்க. ஆனா ஆடாத நாற்காலியில உக்காந்து, இன்னொருத்தர் கொண்டுவந்து வெச்சுத் திங்கறாங்க பாருங்க, அதுக்குத் தகும்."

"அண்ணா, இதை எழுதினா உங்களுக்காக நான் பேச முடியாது. தெரியுதில்ல?"

"தெரியுதுங்க. போய்ப் பாத்துட்டு வரச் சொன்னீங்க. பாத்ததைத்தானுங்களே சொல்லணும்."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ராஜீவ் தலை நிமிராமல் படித்துச் சொன்னார். கரை நாட்களில் சமையல் நிறுத்தம். பண்டாரிக்கு இரண்டு வருடத்துக்குப் பதில் ஆறு மாதக் காண்ட்ராக்ட். கரை நாட்களில் பண்டாரி டெக்கில் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

"என்னால இவ்வளவுதான் முடிஞ்சுதுண்ணா."

பழனிச்சாமி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்தார்.

"முட்டி போட்டுத்தான் சொரண்டணுமுங்களா சார்?"

"ஆமாண்ணா."

"அப்ப எங்கயாச்சும் பழைய மெத்தைத் துண்டு கெடந்தா எடுத்துவெக்கச் சொல்லுங்க," என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைய வேண்டியிருந்தது. எழுந்து போனார்.