காந்த அறைக்குள் போன லாடம்

விதி 7: "காந்த அறைக்குள் நுழைவோர், பதவி எதுவாயினும், இரும்புப் பொருள் எதையும் உடலில் வைத்திருக்கலாகாது." 'பதவி எதுவாயினும்' என்ற இடத்தை எங்கள் அதிகாரி படிக்காமல் தாண்டியிருக்க வேண்டும்.

1995இல் தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் நிலையத்தில் எனக்கு இரண்டு வேலை. காலையில் தொலைநோக்கி வழியே சூரியனைத் தாளில் விழவைத்துக் கரும்புள்ளிகளை வரைவது. பிறகு பூமியின் காந்தப்புலம் எவ்வளவு ஆடியது என்று பதிவுகளைப் பார்ப்பது. சூரியன் சீறினால் இங்கே காந்தம் ஆடும். அந்த ஆவணியில் சூரியனில் ஒன்றிரண்டு புள்ளிக்கு மேல் இல்லை. மற்ற நிலையங்களிலும் அமைதி. சனிக்கிழமைதோறும் அதிகாரி தாமே காந்த அறையில் எடுக்கும் ரீடிங் மட்டும் தாறுமாறு.

யாரோ இரும்போடு உள்ளே போகிறார்கள். அறையைக் கூட்டும் வாட்ச்மேன் ஆறுச்சாமிதான் என்றார் அதிகாரி. எனக்கு யாரையும் நம்பும் வழக்கமில்லை, ஆறுச்சாமியைச் சோதித்தேன்.

"ஏனுங்க சார், அரணாக்கயித்தையும் அவுக்கோணுமுங்களா?"

"அதுல என்ன தொங்குது?"

"செம்புத் தாயத்துங்க. வேணும்னா அதையும் வரைஞ்சு ஹெட் ஆபீசுக்கு அனுப்பிப்போடுங்க."

செம்பு காந்தத்தை அசைக்காது. ஆனாலும் அவரை வேலையிலிருந்து நிறுத்தும் ஆர்டர் டைப் ஆகி வந்தது. கையெழுத்துப் போட அதிகாரி கையை நீட்டினார். மேசையில் இருந்த திசைகாட்டியின் முள் அந்தக் கையோடு நகர்ந்தது. கையை இழுத்தார், முள் பழைய இடத்துக்குத் திரும்பியது. விரலில் கறுத்த மோதிரம்.

"சார், அது இரும்புங்களா?"

"இரும்பில்லைய்யா, லாடம். கறுப்புக் குதிரையோடது. அந்தியூர்ச் சந்தையில வாங்கினேன். ஏழரைச் சனி முடியற வரைக்கும் கழட்டக் கூடாது."

"லாடத்தை இரும்புலதானுங்க சார் அடிக்கிறாங்க."

திசைகாட்டியை அங்கே வைத்தது யார் என்று யோசிப்பவர்போல என்னைப் பார்த்தார். நான் ஏழாவது விதியை எடுத்துக் காட்டினேன்.

"விதியில மோதிரம்னு போடலையே? ஹெட் ஆபீசுக்கு எழுதிக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் வாட்ச்மேன் வெளிய இருக்கட்டும்."

எழுதினேன். நினைவூட்டியும் எழுதினேன். சம்பளமில்லாமல் எத்தனை நாள் காத்திருப்பார்? ஆறுச்சாமி பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணைக் காவலுக்குப் போய்விட்டார். மோதிரமும் இரும்பே, வாட்ச்மேனை உடனே சேர்க்கவும் என்று பதில் வந்ததும் பல்லடம் போய்ச் சொன்னேன்.

"வேண்டாமுங்க சார். கோழிக எம்மேல சந்தேகப்படறதில்லீங்க."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரீடிங் தவறினால், முதலில் அதை எடுத்தவர் கையைப் பாருங்கள். மேலிடத்துப் பதிலை நம்பி ஒருவரை வெளியே நிறுத்தாதீர்கள். எங்களுக்கு அது வந்த தேதி: 1996 அக்டோபர் 14.