அத்தையின் கோழிகளும் கனடாப் பட்டாணியும்

கனடாவிலிருந்து வந்த மஞ்சள் பட்டாணியைச் சலித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஓசூரில் ஒரு பருப்பு மில்லின் சோதனை அறையில் வேலை செய்கிறேன். லோடு வந்தால் கொஞ்சம் எடுத்து, கல், தூசி, வேற்று விதை எல்லாம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அன்று சல்லடைக்கு அடியில் மூன்று மூலையோடு கறுப்பாகச் சில விதைகள். தாவரவியல் படித்த எனக்கே இன்னதென்று தெரியவில்லை. தூக்கிப் போடப் போன கை அப்படியே நின்றது. சலித்து ஒதுக்கியதெல்லாம் மூட்டையாக எங்கே போகிறது? உத்தனப்பள்ளியில் என் அத்தையின் கோழிகளுக்கு! கோழி எரு? அத்தையின் தக்காளித் தோட்டத்துக்கு!

ஞாயிற்றுக்கிழமை வண்டியை விரட்டினேன். கோழிக்கொட்டகை ஓரம் எருக்குவியல் இடுப்புயரம். மாதக் கடைசியில் நடவு. அதற்குள் அதைக் கொட்டி உழுதாக வேண்டும்.

“அத்தை, கொட்டிடாதீங்க. ஊர் பேர் தெரியாத களையெல்லாம் முளைக்கும்.”

“ஏன்டி, கோழி வவுத்துக்குள்ள போனது முளைக்குமா? அது கல்லையே அரைக்குது!”

“பார்த்தீனியமும் வெளிநாட்டுக் கோதுமையோட வந்துதுன்னுதான் படிச்சிருக்கேன்.”

அத்தை சட்டென்று நிமிர்ந்தார். வருடா வருடம் அதைப் பிடுங்கிக் கையெல்லாம் தடித்துப்போகிறவர். “அப்ப முளைக்க வெச்சுக் காட்டு. சீக்கிரம். நாத்து உனக்காகக் காத்திருக்காது.”

மூக்கண்டப்பள்ளியில் என் வாடகை வீட்டு மொட்டைமாடியில் இரண்டு தட்டுகள் வைத்தேன். ஒன்றில் கோழி அடையும் கம்புக்குக் கீழே பலகை போட்டுப் பிடித்த சுத்தமான எச்சம். இன்னொன்றில் கொட்டகைத் தரையில் சுரண்டியது. “கம்பெனிப் புகை போதலைன்னு இது வேறயா?” என்று அறைத்தோழி மூக்கைப் பிடித்துக்கொண்டே துணி காயப்போட்டாள்.

தினமும் தண்ணீர் தெளித்தும், பத்து நாளில் முதல் தட்டில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் அடர்த்தியாக முளை!

தட்டுகளோடு போய் நின்றேன். அத்தைக்கு ஒரே குஷி. “பாத்தியா? எங் கோழி மேல குத்தமில்ல!”

அப்படியானால் தரையில் எப்படி? மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு இருவரும் குத்தவைத்துப் பார்த்தோம். சிவப்புக் கோழி உடைந்த பட்டாணியை மட்டும் கொத்தியது. சின்ன விதையைக் காலால் பின்னுக்குச் சீய்த்து எருவோடு கலந்தது.

“மகராணி! பொறுக்கித் திங்குறா பாரு” என்று சிரித்த அத்தை, குவியலைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். “இந்தத் தடவ மாட்டெரு வாங்கிக்கறேன். இனிமே மூட்டைய மெஷின்ல அரைச்சே போட்டுடலாம். இந்தக் குமிய என்னடி பண்றது?”

“நனைச்சு மூடுவோம் அத்தை. உள்ள சூடேறினா விதை செத்துடும்னு படிச்சிருக்கேன்.”

“படிச்சிருக்க, படிச்சிருக்க” என்றபடியே பசுமைக்குடிலின் பழைய பாலித்தீனை இழுத்து வந்தார்.

மூடிவிட்டோம். இனி சில வாரம் கழித்துக் குவியலின் நடுவிலிருந்து ஒரு தட்டு, ஓரத்திலிருந்து ஒரு தட்டு எடுத்து முளைக்க வைத்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் சூடு பிடிக்காது என்பது என் சந்தேகம். முளைத்தால் புரட்டிப் போட்டு மறுபடி மூடுவோம்.