கார்டைக் காணாத பெட்டி

கிருசாந்தியிட்ட ஒரு சாமானைத் திருத்தக் குடுத்தால் இரண்டு விசயம் திரும்பி வரும். சாமான் திருந்தி வரும். அதைப் பழுதாக்கினது ஆர் எண்ட கதையும் கூடவே வரும். முதலாவதுக்காகத் தர்மபுரத்துச் சனம் அவளைத் தேடிப் போகும், இரண்டாவதைக் கேட்டிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு வரும்.

பரந்தன் சந்தியில் இளையதம்பியின் கொம்பியூட்டர்க் கடையில் அவள் வேலை செய்த காலத்தில், கோயில் தர்மகர்த்தா ஒருத்தர் மடிக்கணினி ஒண்டைக் கொண்டுவந்தார். கறண்ட் கூடிக் குறைஞ்சதாலதான் பழுதாப்போச்சு எண்டு சொன்னார். கிருசாந்தி விசையொண்டைக் கழட்டி விரலால் தொட்டுப் பாத்தாள்.

"கறண்ட் ஒட்டாது ஐயா. இது சீனி போட்ட தேத்தண்ணி."

கடையில் நிண்ட ஆக்கள் சிரிச்சுப்போட்டினம். மனுசன் அதுக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. "பிள்ளை, உனக்குக் கை நல்லம், வாய்தான் கூடாது," எண்டார் இளையதம்பி. உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம், கோவம்தான் வரும் எண்டு அவருக்கும் ஒண்டைச் சொல்லிப்போட்டு, அவள் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினாள். வாய் திருந்தவில்லை. அதைத் திருத்த ஆரும் முயலவுமில்லை.

வீட்டில் இருந்தது அவளும் தகப்பன் சிற்றம்பலமும்தான். தாய் போய்ச் சேர்ந்து சில வருசம். சிற்றம்பலத்துக்கு முழங்கால் சரியில்லை, ஆனால் வயலையும் பசுவையும் விட்டிட்டு ஒரு இரவு வெளியில தங்கமாட்டார். கொழும்புக்கு வாங்கோ எண்டால், "அங்க எனக்கென்ன வேலை, மாடு கட்ட இடமிருக்கோ?" எண்டு கேப்பார்.

கொழும்புக் கதை ஏன் வந்ததெண்டால், அங்க ஒரு நிறுவனம் கிருசாந்தியை வேலைக்கு எடுக்க நினைச்சது. தங்கட புது மென்பொருளை ஒரே நேரத்தில் பல கொம்பியூட்டரில் ஓட்டிப் பாக்கிற வேலை. அதுக்கு அவள் வீட்டிலேயே ஒரு பெட்டி கட்டியிருந்தாள். பழைய சாமான்களைப் பூட்டிச் செய்த ஒரே பெட்டி, ஆனால் அதுக்குள்ள நாலைந்து கொம்பியூட்டர் தனித்தனியாய் ஓடும். ஒரு வளவுக்குள்ள நாலைந்து குடும்பத்தை இருத்தின மாதிரி, கிணறு ஒண்டு, சமைக்கிற குசினி வேற வேற. நிறுவனக்காரர் சொன்னது இதுதான்: திங்கட்கிழமை வீடியோவில் அந்தப் பெட்டி, எல்லாத்தையும் சேமிக்கிற நாலு டிஸ்க்கோட ஒழுங்காய் ஓடுறதைக் காட்டினால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். இல்லையெண்டால் கொழும்புக்கு வந்து தங்கட கந்தோரில் இருந்து வேலை செய்யவேணும்.

"என்னைப் பாத்துக்கொண்டிராதை, நீ போ," எண்டார் சிற்றம்பலம். சொல்லிப்போட்டு அண்டைக்கு இரவு சோத்துக் கோப்பையை அரைவாசியிலேயே தள்ளிவைச்சார்.

நாலு டிஸ்க்கையும் பெட்டியோட இணைக்க ஒரு கார்ட் வேணும். வவுனியா நெளுக்குளத்தில் பழைய கொம்பியூட்டர்ச் சாமான் விக்கிற கச்சு முகம்மது அதை பஸ்ஸில் அனுப்பிவைச்சார். வந்து சேர்ந்தது சரஸ்வதி பூசை அண்டு. அந்த வீட்டில் சிற்றம்பலத்தின்ர சட்டம் ஒண்டு உண்டு. பூசையில் வைக்காத ஆயுதத்தை ஆரும் கையில எடுக்கக்கூடாது. மண்வெட்டி, கத்தி, கிருசாந்தி ஆணி கழட்டுற திருப்புளி எல்லாம் சாமித்தட்டுக்கு முன்னால கிடந்தது. கார்டையும் அவர் வாங்கி அங்க வைச்சார்.

"இதுக்கும் பொட்டு வைக்கட்டோ பிள்ளை?"

கிருசாந்தி திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "வையுங்கோ. அந்தக் கறுப்புச் சிப்புக் கட்டையளில மட்டும் படாமல் வையுங்கோ."

விஜயதசமிக்குக் காலமை கார்டைப் பூட்டினாள். கார்டின்ர ஓர இரும்புத் தகட்டில் இருந்த குங்குமத்தைத் துடைச்சு எறிஞ்சிட்டுத்தான் பூட்டினாள். பெட்டி ஓடிச்சுது, கார்டில் பச்சை விளக்கும் மின்னிச்சுது. ஆனால் பெட்டிக்கு அப்படியொரு கார்ட் இருக்கிறதே தெரியவில்லை. கார்டைக் காணாதது டிஸ்க்கை எங்க காணப்போகுது?

கார்டைக் கழட்டிப் பக்கத்துத் துளையில் மாத்திக் குத்தினாள். காட்டவில்லை. பெட்டி எழும்பும்போது வாற அமைப்புகளை ஒவ்வொண்டாய்த் திறந்து, பூட்டியிருந்ததைத் திறந்தும் திறந்திருந்ததைப் பூட்டியும் பாத்தாள். காட்டவில்லை. பெட்டியின் அடிப்படை மென்பொருளைப் புதுசாக்கினாள். மின்சாரம் குடுக்கிற பகுதியையும் வேற போட்டாள். கடைசியாய்ப் பழைய நெற்வேர்க் கார்ட் ஒண்டை எடுத்து அதே துளையில் குத்தினாள். அது உடனே காட்டிச்சுது. துளையில் பிழையில்லை, பெட்டியில் பிழையில்லை, தன்னிலும் பிழையில்லை. அப்ப பிழை ஆர்? அவளுக்கு அதில சந்தேகமே வரவில்லை. கச்சு முகம்மதுவுக்குப் போன் எடுத்தாள். அண்ணன் முறையில் அவரை நானா எண்டுதான் கூப்பிடுவாள்.

"நானா, நீங்கள் செத்த கார்டை அனுப்பிப்போட்டீங்கள்."

"தங்கச்சி, என்ர மேசையில ஓடினதைக் கண்ணால பாத்திட்டுத்தான் பஸ்ஸில போட்டன்."

"அப்ப உங்கட மேசையிலதான் பிழை."

அவர், "அனுப்பிவிடுங்கோ, பாக்கிறன். வேற ஒண்டு வாறதெண்டால் அடுத்த கிழமையாகும்," எண்டார். அவர் கோவிச்சிருந்தால் அவளுக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

அடுத்த கிழமை கார்ட் வந்து என்ன பிரயோசனம்? திங்கட்கிழமை வந்திடுமே. இதையெல்லாம் சிற்றம்பலம் விறாந்தையில் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பிப் போய், அலுமாரிக்கு மேல கிடந்த சூட்கேசை இறக்கினார். ஈரத்துணியால் துடைச்சு, வாயைத் திறந்து முத்தத்து வெய்யிலில் வைச்சார். கிருசாந்தி அதை யன்னலால் கண்டாள். தாயின்ர சூட்கேஸ் அது.

சனிக்கிழமை பின்னேரம் கார்டைக் கழட்டினாள், நெளுக்குளத்துக்குத் திருப்பி அனுப்ப. ஏன் செத்ததெண்டு எழுதி அனுப்பவேணும், அது அவளின்ர குணம். கருகின மணம் வருதோ எண்டு பாக்க மூக்குக்குக் கிட்டப் பிடிச்சாள். திருத்திற ஆக்கள் எல்லாரும் செய்யிற வேலைதான்.

கருகின மணம் வரவில்லை. கார்ட் இவ்வளவு நேரமும் ஓடிச் சூடேறியிருந்தது, அதில சாமியறை மணந்தது.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சரிச்சுப் பிடிச்சாள். துளைக்குள்ள இறங்கிற ஓரத்தில் பொன்னிறத்தில் பல்லுப் பல்லாய் இருக்கும், பெட்டியும் கார்டும் கதைக்கிறது அதாலதான். அதில ஏழெட்டுப் பல்லுக்கு மேல காய்ஞ்ச சந்தனம் ஒரு படையாய் இழுபட்டுக் கிடந்தது. பொன்னுக்கு மேல சந்தனம் கண்ணுக்கு எங்க தெரியும்? பூசை முடிஞ்சதும் சால்வைத் தலைப்பால் துடைச்சும் இருப்பார், மனுசன் அப்படி. கறுப்புக் கட்டை ஒண்டிலும் ஒரு துளி படவில்லை. அவள் சொன்னதை எழுத்துக்கு எழுத்துக் கேட்டு, ஒரு கட்டையும் இல்லாத இடமாய்ப் பாத்து வைச்சிருக்கிறார்.

அழிறப்பரால் தேய்ச்சாள், ஸ்பிறிட்டில் துணி நனைச்சுத் துடைச்சாள், துளையையும் தட்டித் துப்பரவாக்கினாள். பூட்டிப் பெட்டியைப் போட்டாள். திரையில் முதல் கார்டின் பேர் வந்தது. பிறகு அதுக்குக் கீழ ஒண்டுக்குப் பிறகு ஒண்டாய் நாலு டிஸ்க்கும் வந்தது.

டிஸ்க் சுழலுற சத்தம் கேட்டு சிற்றம்பலம் கதவடிக்கு வந்தார். "காட்டுதோ?"

"காட்டுது அப்பா."

"என்ன பிழையாம்?"

இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல அவள் ஒரு நாளும் யோசிச்சதில்லை. நீங்கள் வைச்ச சந்தனம். நான் வேண்டாமெண்டு சொல்லாத இடம். இரண்டும் நாக்கு நுனியில் நிண்டது. அவர் கையில் சூட்கேசை வைச்சுக்கொண்டு நிண்டார்.

"தூசி அப்பா," எண்டாள்.

சிற்றம்பலம் மேசையைப் பாத்தார். அழிறப்பர், துணி, போத்தில். "றோட்டுத் தூசி பொல்லாதது," எண்டிட்டு, சூட்கேசைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேல ஏத்தினார்.

கச்சு முகம்மதுவுக்கு மட்டும் அவள் உள்ளதைச் சொன்னாள். பிழை தன்ர எண்டு, வேற ஆரின்ர பேரும் எடுக்காமல். அந்தாள் சிரிச்சுச் சிரிச்சு இருமினார். திங்கட்கிழமை வீடியோவில் பெட்டி ஓடிச்சுது, வேலையும் கிடைச்சது.

அடுத்த வருசம் சரஸ்வதி பூசைக்குப் பெட்டியைத் தூக்க ஏலாதெண்டு, சிற்றம்பலம் சந்தனக் கிண்ணத்தோட அவளின்ர அறைக்கே வந்தார். கிருசாந்தி வேலையை விட்டிட்டு நிமிர்ந்தாள். எங்க வைக்கட்டும் எண்டு அவர் கேட்கவில்லை. பெட்டியை ஒருக்காச் சுத்திப் பாத்து, மேல்மூடியின் நடுவில் பெரிசாய் ஒரு பொட்டு வைச்சார். விரலைச் சால்வையில் துடைச்சார்.

"இங்க வைச்சால் உள்ளுக்குத் தூசி போகாதுதானே பிள்ளை?"

அவள் அவரையே பாத்துக்கொண்டிருந்தாள். அவர் பொட்டைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"போகாது அப்பா," எண்டாள்.