விசில் வந்த பக்கம்

அந்த விசிலை ஊதியது யார்? எல்லோரையும் விட நான்தான் அருகில் நின்றேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

எங்கள் ஊர், காரைக்குடியிலிருந்து கொத்தமங்கலம் போகும் வழியில், சாலை பிரிகிற ஒரு விலக்கிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. விலக்கில் ஒரு டீக்கடையும் ஒரு புளியமரமும் உண்டு. என் மகளுக்கு மூன்று வயது. வீசிங் இருப்பதால் அவளை அடிக்கடி காரைக்குடி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார். எனக்கு பஸ்தான் கதி.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது எங்கள் தெருவில் சந்தோஷப்படாதவர்கள் கிடையாது. ஆனால் கொஞ்ச நாளில், பெண்கள் மட்டும் நின்றால் பஸ் நிற்பது அரிதாகிவிட்டது. தூரத்தில் வேகம் குறைவது தெரியும். சேலைகளைப் பார்த்ததும் உறுமிக்கொண்டு, எங்கள் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போகும். ஒருமுறை அதன் பின்னால் பிள்ளையோடு ஓடி விழுந்ததில் முழங்கால் கிழிந்தது. படித்தவள் என்பதால் மனு எழுதுவது என் வேலையாயிற்று. கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் வரிசையில் நின்று கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள். பஸ் நிற்கவில்லை.

எனவே ஆள் நிறுத்தப் பழகினோம். பெண்கள் எல்லோரும் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வோம். ஓர் ஆண் மட்டும் சாலையோரம் நின்று கையைக் காட்டுவார். காசு கொடுக்கிற ஆள் என்று பஸ் நிற்கும். நாங்கள் ஓடி வந்து ஏறுவோம். அவர் விலகிக்கொள்வார். பெரும்பாலும் என் கொழுந்தன்தான் நிற்பார். ஆத்தங்குடியில் கல் பதிக்கப் போகிற வழியில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு நிற்பார். பெண்கள் அவரைக் கேலி செய்வார்கள். தலையைச் சீவிக்கொண்டு வரக்கூடாதா, பஸ் பயந்து போய்விடப்போகிறது என்பார்கள். நாங்கள் ஏறி முடித்ததும் வாயில் இரண்டு விரலை வைத்து நீளமாக ஒரு விசில் அடிப்பார். பஸ்ஸை ஏமாற்றிவிட்ட வெற்றி அது. நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த விசில் கேட்ட அன்று எங்கள் தெருச் சின்னம்மாவும் என்னோடு வந்தார். சொந்தம் இல்லை. வயல் வேலைக்குப் போகிறவர், முட்டிவலிக்கு ஊசி போட வந்தார். பஸ் நின்றது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்படியில் ஏறினேன். கண்டக்டர் அங்கேயே வந்து நின்றிருந்தார். கொழுந்தன் பின்வாங்குவதைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஓசியில போறதுக்கு முன்னால ஒரு மாப்பிள்ளைய வேற நிப்பாட்டுறீகளாக்கும். சாயங்காலம் வசூல் எங்கன்னு டிப்போவுல என்னையத்தான் நிக்க வச்சுக் கேக்குறாக. நாளையிலருந்து இந்த..."

அந்த வாக்கியம் முடியவில்லை. விசில் கேட்டது. பஸ் பாய்ந்தது.

என் முதுகுப் பக்கம் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்த சின்னம்மாவின் கை காணாமல் போனது. ஏதோ நசுங்கும் சத்தம் கேட்டது. பின்சக்கரம் சின்னம்மாவின் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கியிருந்தது.

அடுத்த நிமிடம் டீக்கடையில் இருந்தவர்கள் பஸ்ஸுக்குள் இருந்தார்கள். டிரைவர் மறுபக்கம் குதித்துக் கண்மாய்க் கரையில் ஓடிவிட்டார். கண்டக்டரைச் சட்டையைப் பிடித்துப் படியில் தரதரவென்று இழுத்தார்கள். அவர் தோளில் மாட்டியிருந்த டிக்கெட் மிஷினைப் பிடுங்கி, அதாலேயே வாயில் அடித்தார்கள். பல் தெறித்தது. என் கொழுந்தன்தான் முன்னால் நின்றார். கீழே கிடந்த மனிதரின் நெஞ்சில் செருப்புக் காலால் மிதித்தார், மறுபடி மிதித்தார். யாரோ கல்லெடுத்துக் கண்ணாடிகளை உடைத்தார்கள். நொறுங்கிய கண்ணாடி என் மகளின் தலைமுடியில் கொட்டியது. அவள் முகத்தை என் மார்பில் அழுத்திக்கொண்டு சீட்டுகளுக்கு இடையில் குனிந்து கிடந்தேன். மூச்சு முட்டுமோ என்று பயந்து கையைத் தளர்த்தினேன். அந்த இடைவெளியில் அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

ரத்தம் நிறைந்த வாயோடு கண்டக்டர் சொன்னதைக் கேட்டேன்.

"நான் ஊதல. நான் ஊதலப்பா."

அடித்தவர்களுக்கு அது கேட்டிருக்காது.

சின்னம்மாவின் பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். கண்டக்டருக்குத் தாடை உடைந்தது, விலா எலும்புகளும். விசில் கேட்டது, எடுத்தேன் என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். கண்டக்டர்தான் ஊதினார் என்று விலக்கில் நின்ற எல்லோரும் சொன்னார்கள். அவரை அடித்தது கூட்டம் என்று மட்டும் சொன்னார்கள், யார் பெயரும் வரவில்லை. அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். துறை விசாரணை நடக்கிறது. போலீஸார் அன்று பஸ்ஸுக்குள் இருந்தவள் என்று என் பெயரையும் குறித்திருந்தார்கள். எனக்கும் வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.

நான் அந்தக் கணத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். கண்டக்டர் பேசிக்கொண்டிருந்தார். பேசுகிற வாயில் விசில் எப்படி இருக்கும்? ஆனால் அவர் கோபத்தில் பேச்சை வெட்டிவிட்டு ஊதியிருக்கலாம், கண்டக்டர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நான் அப்போது பிள்ளையின் செருப்பு நழுவுகிறதே என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டதா, முதுகுக்குப் பின்னால் கேட்டதா? சில நாள் ஒரு பக்கம் உறுதியாகத் தோன்றும். மாவு கரைக்கும்போது அது மாறிவிடும்.

ஒருநாள் கொழுந்தனுக்குச் சோறு வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"தம்பி, அன்னைக்கு நீங்க விசில் அடிச்சீகளா?"

"நான் தெனமுந்தான் அடிக்கிறேன் மதினி."

"அன்னைக்கு?"

தட்டு சுவரில் போய் விழுந்தது. குழம்பு என் மகளின் சட்டையெல்லாம் தெறித்தது. மாமியார் ஓடி வந்தார். என்னைத்தான் உள்ளே தள்ளிக்கொண்டு போனார். "வீட்டுல இருக்கிற ஒத்த ஆம்பளையவும் ஜெயிலுக்கு அனுப்பப் போறியாத்தா? பிள்ளைக்கு இழுக்குறப்ப வண்டிய எடுக்குறது யாரு?" என்றார். அது உண்மைதான். பஸ் இல்லாத ராத்திரியில் மூச்சுத் திணறும்போதெல்லாம் அவளைப் பைக்கில் வைத்துப் பறக்கிறவர் அவர்தான். கணவரிடம் போனில் சொன்னேன். பார்த்துப் பேசு என்றார். எதைப் பார்த்து என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சின்னம்மாவைப் பார்க்கப் போனால், அந்தக் கண்டக்டர் வேலை போனால்தான் என் கால் ஆறும் என்கிறார். கட்டுப்போட்ட காலைக் காட்டிக் காட்டிச் சொல்கிறார். அங்கே நான் எப்படி வாயைத் திறப்பது?

அதே ஆஸ்பத்திரியில் ஒருநாள் கண்டக்டரையும் பார்த்தேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். விசிலைப் பிடிப்பது போல் விரல்களை உதட்டில் வைத்து, தலையை இடமும் வலமும் ஆட்டினார். அதைச் செய்துகொண்டே இருந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது எங்கள் விலக்கில் எல்லா டவுன் பஸ்ஸும் நிற்கிறது. நின்றே ஆக வேண்டும் என்று உத்தரவு. சில நாள் செக்கர் ஒருவர் வந்து நின்று கவனிக்கிறார். நான் பார்த்துப் பார்த்து எழுதிய மனுக்களால் வராதது ஒரு பாதத்தாலும் ஒரு தாடையாலும் வந்திருக்கிறது. இலவசம் என்று அறிவித்தவர்கள் அந்தக் கண்டக்டரிடம் வசூல் குறைவதைக் கேட்காமல் இருந்திருந்தால் அவர் எங்களை ஏசியிருப்பாரா? நாங்கள்தான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்போமா? இதையும் விசாரணையில் சொல்லலாமா? யார் கேட்பார்கள்?

என் மகள் தலையணையைக் கீழே போட்டு மிதிக்கிறாள். மிதித்துக்கொண்டே, "ஊதல, ஊதல" என்கிறாள். விளையாட்டு என்று மாமியார் சிரிக்கிறார். நான் தலையணையைப் பிடுங்கி ஒளித்தேன். இப்போது பொம்மையை மிதிக்கிறாள்.

விசாரணை வருகிற புதன்கிழமை. எந்தப் பக்கம் கேட்டது என்று தெரியவில்லை என்பதுதான் என் உண்மை. ஆனால் தெரியவில்லை என்றால், மற்ற எல்லோரும் சொன்னது நிற்கும், அவர் வேலை போய்விடும். அங்கே இன்னொருவரும் விசில் அடிக்கும் வழக்கம் உண்டு என்று நானாகச் சொன்னால், உறுதியில்லாத ஒன்றுக்காக என் வீட்டு ஆளைக் கைகாட்டியவள் ஆவேன். கேட்காததை நானாகச் சொல்வது கடமையா, துரோகமா? இதைப் படிக்கிறவர்களில் அரசு வேலையில் இருப்பவர்கள் இருக்கலாம், சாட்சி சொன்னவர்கள் இருக்கலாம், சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இருக்கலாம். நீங்கள் என் இடத்தில் இருந்தால் புதன்கிழமை என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து அதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.