நேர்ந்துவிட்ட புல்கெண்டை

என் உயிருக்கு ஈடாக ஒரு மீனைப் பேசி முடித்திருக்கிறார்கள் என்பதும், அந்த மீனை நானேதான் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் எங்கள் ஊர் அந்தோணியார் கோயிலில் கொடி ஏறிய அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. பேசியது என் மனைவி. பேசிய இடம் தேனியில் ஓர் ஆஸ்பத்திரி வராண்டா. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் டெங்கு வந்து நான் உள்ளே கிடந்தேன். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன கையோடு, அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தோணியாரிடம் பேரத்தை முடித்துவிட்டாள். எங்கள் குட்டையிலேயே பெரிய மீனை உயிரோடு கொண்டுவந்து உம் திருவிழாவில் வைக்கிறேன், இந்த மனிதனை எழுந்து நடக்க விடும் என்று. நான் எழுந்தேன், நடந்தேன், வழக்கம்போல் அவளோடு சண்டையும் போட்டேன். அத்தனை மாதமும் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஒரு சேவலை நேர்ந்திருக்கலாமே" என்றேன்.

"சேவலுக்கெல்லாம் எந்திரிக்கிற நெலமையிலயா இருந்தீக?" என்றாள்.

நான் எழுந்து குட்டையைப் பார்க்கப் போனேன்.

கோம்பைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வைகாசிக் கடைசியில் திருவிழா. சப்பரம் சுற்றி வந்து நிலைக்கு நின்றதும், கோயில் முற்றத்தில் நேர்ச்சைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். கோழி, ஆட்டுக்குட்டி, முதல் தார் வாழை, முதல் வெட்டுத் திராட்சை என்று அவரவர் நேர்ந்ததெல்லாம் வரும். ஆடு என்று சொல்லிவிட்டுக் கோழியோடு வந்தால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்தான். ஆனால் கொடுத்தவர் அந்த வருஷம் முழுக்கத் தலைவலி வந்தாலும் அதுதான் காரணம் என்று கிடந்து தவிப்பார். என் மனைவியை எனக்குத் தெரியும். பெரிய மீன் என்றால் பெரிய மீன்தான். அது போய்ச் சேராவிட்டால் நான் ஒரு தும்மல் போட்டாலும் அவள் முகம் வெளுத்துவிடும்.

அந்தப் பெரிய மீன் ஒரு புல்கெண்டை. என் பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்கு மேற்கே, பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டை ஒன்று இருக்கிறது. போர் தண்ணீரை அதில் நிரப்பித்தான் சொட்டு நீர் விடுவேன். பாசியைத் தின்னட்டும் என்று வைகை அணைப் பக்கமிருந்து வாங்கி வந்த குஞ்சுகளில், கட்லாவும் ரோகுவும் எப்போதோ எங்கள் வீட்டுக் குழம்புக்குப் போய்விட்டன. இது மட்டும் கவாத்து செய்து நான் தள்ளிவிட்ட திராட்சை இலையைத் தின்று தின்று, என் கை நீளத்தையும் தாண்டி வளர்ந்துவிட்டது. கூடவே, யாரும் வாங்கி விடாமல் தானாகவே வந்து பெருகிய ஜிலேபி மீன்கள் ஒரு கூட்டம்.

தண்ணீரை இறைத்துவிட்டு மீனை அள்ளிவிடலாமே என்று கேட்பவர்கள் திராட்சை போட்டதில்லை என்று அர்த்தம். காய் பருக்கிற நேரத்தில் குட்டையைக் காலி செய்வதும் என்னைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் ஒன்றுதான். அதனால் முதலில் வலையைத்தான் நினைத்தோம். என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவன், கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் எந்த வேலையையும் ஒரு வீடியோ பார்த்தால் செய்துவிடலாம் என்று நம்புகிறவன். திருவிழாவுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்தவன், யாரிடமோ வீச்சு வலையை இரவல் வாங்கி வந்து கரையில் நின்று சுழற்றி வீசினான். ஷீட் வழுக்கியது. மீன் வலைக்கு மேலே தாவிப் போனது, மாப்பிள்ளை வலைக்குக் கீழே போனான். அவனைத்தான் அன்று கரை ஏற்ற முடிந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே அவன் அடுத்த யோசனையைச் சொன்னான். வெளிநாட்டுக்காரன் கெண்டையை ரொட்டி போட்டுப் பிடிக்கிறான், தக்கையும் கிடையாது ஈயமும் கிடையாது, ரொட்டியின் ஓரத்தில் தூண்டில் முள்ளை மறைத்துத் தண்ணீரில் மிதக்க விட்டால் போதும் என்றான். நான் சிரித்தேன். பிறந்ததிலிருந்து மைதா மாவிலும் மண்புழுவிலும் மீன் பிடித்தவன் நான். ஆனால் யோசித்துப் பார்த்தால் மாவு மூழ்கும், மூழ்கினால் ஜிலேபி விடாது. புல்கெண்டையோ மிதக்கிற இலையைத் தின்று வளர்ந்தது, மேலேதான் வாய் வைக்கும். தேனிக்கு ஆள் போய் ஒரு பைபர் கம்பும் நல்ல தூண்டில் நரம்பும் வந்தன. நான் பேக்கரிக்குப் போய் பிரெட் பாக்கெட்டுகள் வாங்கினேன். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கடைக்காரர் விசாரித்தார்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மாதம் மலைக் கணவாய் வழியாக மேல்காற்று அள்ளிக்கொண்டு வரும். மேற்குக் கரையில் ரொட்டித் துண்டுகளைப் போட்டால் அது தானாகக் கிழக்கே போகும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பச்சைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து கரை ஏறுவேன். காலடி அதிர்ந்தால் மீன் போய்விடும், நிழல் விழுந்தாலும் போய்விடும். அடுத்த தோட்டத்துக்காரர் மருந்தடிக்க வந்தவர், சொந்தத் தோட்டத்தில் களவாணி மாதிரி ஊர்கிற என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போகிற பெண்களெல்லாம் என் மனைவியிடம், காய்ச்சல் நல்லா விட்டுருச்சா என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு வெட்கமே இல்லை. அவ்வளவு சந்தோஷம். ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவன், இப்போது ஈர மண்ணில் தாடையை ஊன்றிக்கொண்டு ஒரு மீனின் மூக்கைப் பார்த்துக் கிடக்கிறேன். அது வரும். முதலில் தண்ணீர் மட்டும் லேசாகப் புடைக்கும். பிறகு வெள்ளையாக ஓர் உதடு தெரியும். ரொட்டியை மூக்கால் முட்டிப் பார்க்கும், திருப்பிப் பார்க்கும், உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தின்றுவிட்டு, முள் இருக்கிற ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போகும். ஒரு நாள் அல்ல, எல்லா நாளும். கோபத்தில் எனக்கு அழுகை வரும், அடுத்த நொடியே சிரிப்பு வரும். அதன் புத்திசாலித்தனத்தை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வேன். மீனு கூடக் கொஞ்சிக்கிட்டிருக்கீகளா, பிடிக்கிறீகளா என்று என் மனைவி கேட்பாள்.

கடைசியில் ஒரு சூட்சுமம் பிடிபட்டது. மற்ற ரொட்டியெல்லாம் காற்றோடு போகிறது, முள் இருக்கிறது மட்டும் நரம்பு இழுப்பதால் அங்கேயே நின்று தயங்குகிறது. மீனுக்கு அந்தத் தயக்கம்தான் சந்தேகம். கரையின் மேற்கு ஓரத்தில் படுத்துக்கொண்டு, காற்றின் போக்கிலேயே நரம்பைத் தளரத் தளர விட்டுக்கொண்டு போனால், எல்லாம் ஒன்றாகப் போகும். இதைக் கண்டுபிடித்தபோது நான் தனியாகக் குதித்தேன். அந்தக் குதியில் மீன் ஓடிவிட்டது என்பது வேறு விஷயம்.

இது புரிந்தது திருவிழா அன்று காலையில்தான். அதற்குள் ஊறி மூழ்கியதை ஜிலேபிக் கூட்டமும் மிதந்ததை அதுவுமாகக் கடைசி பாக்கெட்டையும் தின்று தீர்த்திருந்தன. சாயங்காலம் சப்பரம். மாப்பிள்ளையைப் பைக்கில் விரட்டினேன், எங்கேயாவது ரொட்டியோடு வா என்று. அவன் திரும்பி வந்தபோது கையில் உருண்டையாக ஒரு பன் இருந்தது. கடையெல்லாம் அடைத்துக் கிடக்கிறது, வீட்டில் பிரிட்ஜ் மேல் இருந்ததை எடுத்து வந்தேன் என்றான். பன்னின் மேல்தோல் வழவழவென்று கெட்டியாக இருந்தது. பிரெட்டைப் போல உடனே ஊறாது. இத்தனை நாள் இது தோன்றாமல் போச்சே என்று அவன் முதுகில் ஒரு அடி வைத்தேன்.

பாதியைப் பிய்த்துத் தூவினேன். மீதித் தோலில் முள்ளை மறைத்து, தண்ணீரில் வைத்து, நரம்பைத் தளர விட்டேன். காற்று எல்லாவற்றையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போனது. தண்ணீர் புடைத்தது. ஒரு துண்டு போனது, இன்னொன்று போனது. அப்போது பந்தலுக்குள்ளிருந்து காலடிச் சத்தம் கேட்டது. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி நில் என்று காட்டினேன். சத்தம் நின்றது. என் மனைவி கல்தூண் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள் என்று சேலை உரசியதில் தெரிந்தது.

"என்னங்க" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு, குரலை ஒடுக்கி. "அது மந்திரிச்ச ரொட்டி."

திருவிழா அன்று பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற அந்தோணியார் ரொட்டி அது. பேக்கரியில் வாங்கும் பன்தான், கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. காலைப் பூசையில் வாங்கி வந்தவள், படத்துக்கு முன்னால் வைக்கும் முன் கை கழுவப் போன இடைவெளியில் அவள் தம்பி எடுத்து வந்துவிட்டான். அந்த ரொட்டியை அவள் டப்பாவில் போட்டு வருஷம் முழுக்க வைத்திருப்பாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் ஒரு கிள்ளு. ஆஸ்பத்திரியில் நர்ஸுக்குத் தெரியாமல் என் வாயிலும் ஒரு கிள்ளு வைத்தாள், காய்ந்து போன அதன் ருசி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது வரப்போகிற வருஷத்துக்கான என் மருந்து முழுவதும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது, நடுவில் முள்ளோடு.

இழுத்துவிடலாமா என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அந்த வெள்ளை உதடு எழுந்து வந்து, முட்டாமல், திருப்பிப் பார்க்காமல், அதை உள்ளே வாங்கிக்கொண்டது.

அப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. கம்பு வளைந்தது. நரம்பு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் ஷீட்டில் வழுக்கி இறங்க, என் மனைவி பின்னால் வந்து இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். வேட்டி அவள் கையோடு போய்விடும் போல இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மாப்பிள்ளை திராட்சை அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு, இந்த முறை தெரிந்தே குட்டைக்குள் குதித்தான். மீன் அவனைச் சுற்றி வந்தது, கால் இடுக்கில் புகுந்து போனது, வாலால் முகத்தில் அறைந்தது. அந்தோணியாரே என்று அவள் கூப்பிட, மீன்களுக்கே பிரசங்கம் வைத்தவர் அவர், இதனிடமும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார் போல. கொஞ்ச நேரத்தில் அது களைத்து ஒருக்களித்து மிதந்து வர, கிரேட்டில் ஏந்திவிட்டோம். மருந்து கலக்காத பேரலாகப் பார்த்துத் தண்ணீர் நிரப்பி அதில் விட்டோம். மூன்று பேரும் சேறும் பாசியுமாக உட்கார்ந்து, பேரலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம்.

பாவம் ஆகிவிடுமா அக்கா என்று மாப்பிள்ளைக்கு மட்டும் கவலை. அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அவரு ரொட்டியை அவரு மீனுதானே தின்னுச்சு. விடு."

சாயங்காலம் குட்டி யானை வண்டியில் பேரலை ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். மாப்பிள்ளை வாய் சும்மா இருக்குமா. ஏலம் தொடங்குவதற்குள் மந்திரித்த ரொட்டி தின்ற மீன் என்பது ஊருக்கே தெரிந்து, மைக்கிலும் சொல்லிவிட்டார்கள். அதுவரை கோழிக்கும் ஆட்டுக்கும் நடந்த ஏலம் ஒரு ஏலமே இல்லை. உத்தமபாளையத்தில் ஓட்டல் வைத்திருக்கிறவர் ஒரு பக்கம், வெளிநாட்டிலிருந்து வந்திருந்தவர் ஒரு பக்கம் என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், நானே அந்த மீனைப் பெற்றவன் மாதிரி. ஆண்கள் பக்கம் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் விடாமல் மேலே மேலே கேட்டது. யாரப்பா இது இவ்வளவு பிடிவாதம் என்று எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி.

நேர்ந்துவிட்டதை நேர்ந்தவரே ஏலத்தில் எடுப்பது எங்கள் ஊரில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருவிழாச் சேலை எடுக்காமல் இந்த வருஷம் ஏன் பழையதையே கட்டியிருக்கிறாள் என்பது மட்டும் அப்போது விளங்கியது. ஏலம் அவள் பேரில் முடிந்தது. அதே பேரல், அதே வண்டி. திரும்பும் வழியெல்லாம் மீன் தண்ணீரை எங்கள் மேல் அடித்துக்கொண்டு வந்தது. குட்டைக் கரையில் பேரலைச் சாய்த்தோம். அது ஒரு கணம் கரையோரமாகவே நின்றுவிட்டு, உள்ளே போய்விட்டது. அத்தனை பாடுபட்டுப் பிடித்ததைத் திரும்ப இங்கேயே விடுவதற்கா இவ்வளவும் என்று கேட்டேன்.

"அடுத்த மழைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தா, நான் எதைச் சொல்லி அவருகிட்டப் போயி நிக்கிறது?" என்றாள். "கெடக்கட்டும் இங்கன."

இப்போது மழைக்காலம். காலையில் எழுந்ததும் என் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். பிறகு ஒரு ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்து, குட்டையில் போட்டு அது மேலே வருகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறாள். வந்தது என்று நான் வந்து சொன்ன பிறகுதான் அடுப்பில் காப்பி ஏறுகிறது.