பரலோக மந்திரத்தில் ஒரு வரி

மீன்காரி எவ்வளவு சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் மீன் வாங்கியதில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது வலிய வந்து சிரித்தால், இவளுக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். "மோட்சத்துக்குப் போனாலும் வாசல்லயே நின்னு, இது நெசமான மோட்சம்தானான்னு விசாரிப்ப" என்பார் என் வீட்டுக்காரர். விசாரிப்பதில் என்ன தப்பு?

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு 'சொல்தா வீடு' என்று பெயர். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவருக்குப் பிறகு வீட்டின் நடுவே சுவர் வைத்து, ஒரு பாதியில் நாங்களும் மறு பாதியில் என் கொழுந்தனும் அவர் மனைவியும் இருக்கிறோம். அவள் எனக்கு ஓரகத்தி. பின்கட்டில் அந்தச் சுவர் ஆள் உயரம்தான். அவள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். அப்படியும் ஆறு வருடம் அவளோடு எனக்குப் பேச்சு இல்லாமல் இருந்தது. அண்ணனும் தம்பியும் மட்டும் டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். ஆம்பிளைகளுக்கு ரோஷம் எப்போதுமே கொஞ்சம் கம்மி.

விஷயம் இதுதான். என் மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் ஏறி இரண்டு தடவை வலிப்பு வந்தது. பிறகு வரவே இல்லை. அவள் படித்து, காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் ஆபீஸ் வேலைக்குப் போய், பிள்ளைச்சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல குடும்பத்தில் சம்பந்தமும் பேசி முடித்தோம். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்த அன்று நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். நாற்காலியைப் போட்டும் உட்காரவில்லை.

"பொண்ணுக்கு வலிப்பு இருக்குன்னு எங்களாண்ட சொல்லவே இல்லியே? ஒங்க ஓரகத்தி சொல்லித்தான் தெரியுது."

இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. பூசையில் திரும்பிப் பார்க்காத தலை இல்லை. அன்று நான் தெருவில் நின்று கத்திய கத்தலுக்கு ஓரகத்தி வாசற்படியில் நின்றபடி ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்: "எதார்த்தமா வாயில வந்துடுச்சுக்கா."

எதார்த்தமாம்! சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அவளுக்குப் பெண் பிள்ளை இல்லை. என் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது பொறுக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து பரலோக மந்திரம் சொல்லும்போது ஒரு வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். பிறர் குற்றத்தை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் குற்றத்தையும் பொறுத்தருளும் என்று கேட்கிற வரி. எதிலும் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்கிறவள் நான். நான் பொறுக்காமல் இருந்துகொண்டு, நான் செய்கிறபடியே எனக்கும் செய் என்று ஆண்டவரிடம் கேட்டால், அவர் அப்படியே செய்துவிட்டால்? அந்த இடத்தைத் தாண்டிப் போவதுதான் எனக்குப் பத்திரமாகப் பட்டது.

போன வருடம் மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில், மகளின் டிபன் பாக்ஸ் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. சோறு ஒட்டிக்கொண்டு நாறிப்போய்த்தான் அது எப்போதும் வீடு திரும்பும். திடீரென்று சில நாள் பளபளவென்று கழுவித் துடைத்து வந்தது. அவள் அப்படிப்பட்டவள் அல்லவே.

"இது எங்க கழுவுன?"

"சித்தி வூட்ல. பஸ்ஸ வுட்டு எறங்குனதும் காபி குடிக்கப் போனேன்." அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "ஒனக்கு முட்டிவலி தேவலையான்னு கேட்டாங்க."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். ஒன் வாழ்க்கையக் கெடுத்தவடி அவ!"

"நான் அவங்கள எப்பவோ மன்னிச்சிட்டேம்மா."

நான் யாருக்காகச் சண்டை போடுகிறேனோ அவளே போய் எதிரி வீட்டில் காபி குடிக்கிறாள். அந்தக் காபியில் என்ன கலந்தாளோ என்றுகூட நினைத்தேன்.

அந்த வாரம், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியார் சின்ன வயது. ஒருத்தர் மேல் கோபம் இருக்கிறது என்று சொன்னேன்.

"மன்னிச்சிட்டீங்களாம்மா?"

"மன்னிச்சிட்டேன் சாமி. ஆனா பேச மாட்டேன்."

எங்களுக்கு நடுவே இருந்த கிராதிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "ஆண்டவரும் ஒங்கள மன்னிச்சிட்டு ஒங்ககிட்ட பேசாம இருந்தா பரவாயில்லையா?" என்று கேட்டார்.

பாவமன்னிப்புக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அது என்மேல் பட்டதா என்றுதான் தெரியவில்லை. வெளியே வந்ததும் இன்னொரு யோசனை: எனக்கு முன்னால் ஓரகத்தி வந்து இவரிடம் ஓதிவிட்டுப் போயிருப்பாளோ?

அக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். தினம் சாயங்காலம் மாதா சுரூபத்தைக் கண்ணாடிப் பெட்டியோடு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவோம். வைத்திருந்த வீட்டுக்காரி அடுத்த வீட்டு வாசலில் நின்று, அந்த வீட்டுக்காரியின் கையில் தானே கொடுக்க வேண்டும். பிறகு எல்லாரும் நின்றபடியே பரலோக மந்திரம் சொல்லி உள்ளே போவது வழக்கம். எனக்கும் அவளுக்கும் ஆகாது என்பதால், சுரூபம் அவள் வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குப் போய், அங்கிருந்துதான் எங்களுக்கு வரும். போன வருடம் எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டை இடித்துக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். வேறு வீட்டைச் சுற்றி வரட்டும் என்று நான் சொல்லியனுப்புமுன், "நேரா எங்க வூட்டுக்கே வரட்டும்" என்று என் மகள் ஒப்புக்கொண்டுவிட்டாள். எல்லாரும் சேர்ந்து திட்டம் போட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன்.

வாசல் கழுவி, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, மகளோடு நின்றேன். மெழுகுவர்த்தியோடு தெருப் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் ஓரகத்தி. பெட்டியின் கனத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. படியேறுமுன் நின்றாள்.

"அக்கா, அன்னிக்கி நான் வாய அடக்கியிருக்கணும். கொழந்தைக்கு நாந்தான் கெடுதல் பண்ணேன். என்னப் பொறுத்துக்கக்கா."

இந்த வார்த்தைக்காக ஆறு வருடம் காத்திருந்தேன். வந்ததும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? தெருவே பார்க்க, மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள், கெட்டிக்காரி. மாட்டேன் என்றால் நான்தானே பாவி. "மாதாவ வெளிய நிக்க வெக்காத, குடு" என்று பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

பரலோக மந்திரம் தொடங்கியது. அந்த வரி வந்தது, வழக்கம்போல வாயை மூடிக்கொண்டேன். ஓரகத்தி அந்த வரியைச் சொல்வது கேட்டது. ஆனால் என் தோளை ஒட்டி அதுவரை கேட்டுக்கொண்டிருந்த குரல் நின்றுபோயிருந்தது. திரும்பினேன். என் மகள் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செபமாலை முடிந்து எல்லாரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகு, அடுப்படியில் அவளைப் பிடித்தேன்.

"அந்த எடத்துல ஏன் நிறுத்துன?"

"நீ ஏன் நிறுத்துற?"

"எனக்குக் காரணம் இருக்கு."

"எனக்கும் இருக்கு."

"பாத்தியா, ஒனக்கும் சித்தி மேல இன்னும்..."

"சித்தி மேல இல்லம்மா." பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "சித்தி ஒருத்தர்கிட்ட சொன்னாங்க. நீ ஊரு பூரா சொன்ன. மீன்காரிகிட்ட சொன்ன. ஜாக்கெட் அளவு குடுக்க வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்ன. என் பொண்ணுக்கு வலிப்புன்னு சொல்லிட்டாளே, சொல்லிட்டாளேன்னு. அதுக்கப்புறம் வந்த எடமெல்லாம் சித்தி சொல்லியா நின்னுச்சு?"

நான் ஜாக்கெட் தைக்கிறவள். என்னிடம் வராத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஓரகத்தியின் அநியாயத்தைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேன். அவர்கள் உச்சுக் கொட்டியபோது ஆறுதலாகவும் இருந்தது. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் கல்யாண வயதில் பையன் இருந்தான் என்று இவ்வளவு சந்தேகப்படுகிற எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டேன். அரிசி டின் மேலே உட்கார்ந்துவிட்டேன்.

"தெரியாம போச்சுடி. என்ன மன்னிச்சிடு."

"மன்னிச்சிட்டேன்" என்றாள், உடனே. ரொம்பச் சீக்கிரமாக வந்தது அந்தப் பதில். எனக்குப் பயமாக இருந்தது.

"பேசுவியா?"

ஈரக் கையை என் புடவையிலேயே துடைத்தாள். "பேசுறேன். நீ மொதல்ல அங்க பேசு."

நேரே எப்படிப் போய்ப் பேசுவது? கூடத்துக்கு வந்தேன். மாதாவின் பெட்டிக்குள் எரிய வேண்டிய பல்பு அணைந்து கிடந்தது. சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன், எரியவில்லை. பின்கட்டுக்குப் போய்ச் சுவர் ஓரம் நின்றேன். அந்தப் பக்கம் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினேன். சத்தம் நின்றது.

"இந்த பல்பு எரியலியே. இன்னா பண்ணணும்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "ஒயர லேசா ஆட்டுக்கா. இல்லன்னா இரு, நான் வர்றேன்."

"வா" என்றேன்.

வந்தாள். ஒயரை ஆட்டினாள், எரிந்தது. கொடுக்கும்போது அவளே அதைத் தளர்த்திவிட்டுக் கொடுத்திருப்பாளோ என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் உண்டு. கேட்டதில்லை.

வந்தவளை அனுப்பாமல் மூன்று பேரும் பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு இன்னொரு தடவை பரலோக மந்திரம் சொன்னோம். அந்த வரி வந்தது. என் நாக்குக்கு அது பழக்கம் விட்டுப்போயிருந்தது; தடுக்கித் தடுக்கிச் சொன்னேன். மகள் சொல்கிறாளா என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே.